நீ வாசிக்காமல் ஒப்பித்த பாடம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ படிக்க வேண்டாம். எழுதி முடித்ததும் நானே வாசித்து, துண்டு துண்டாகக் குரலில் பதிவு செய்து உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். வேலைக்குப் போகும் வழியில் வேனில் போட்டுக் கேள். நேற்றுக் காலை நான் தாளும் பேனாவுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "எழுதி எழுதியே அவன தூரமாக்கிட்டீங்க. வாயத் தொறந்து பேசுனா முத்தா உதிந்துரும்?" என்றாள். அவள் சொல்வது சரி. ஆனால் எதிரில் ஆள் இருந்தால் எனக்கு நினைத்தது ஒன்று, சொல்வது வேறொன்றாகிவிடும். தாளில் எழுதிக்கொண்டால்தான் சொல்ல வேண்டியது வரிசையாக வரும். ஆகவே முதலில் எழுதுகிறேன், பிறகு வாய் திறக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் பாப்பாவின் பள்ளியில் கொடுத்த சம்மதப் பாரம் உன் வேனில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைப்பில் செருகிக் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை மலாக்காவிலிருந்து மருத்துவக் குழு ஜாசின் கோயில் மண்டபத்துக்கு வருகிறது. மாதாமாதம் அவர்கள் வந்தாலும், வாசிக்கத் தடுமாறும் புதுப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது வருடத்தில் இரண்டு மாதம்தான், போன மாதமும் இந்த மாதமும். மற்ற மாதங்களில் ஏற்கெனவே பார்த்த பிள்ளைகளுக்குப் பயிற்சி. உன் கையெழுத்தோடு அந்தப் பாரம் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குப் போகாவிட்டால், பாப்பா இரண்டாம் ஆண்டு முடித்து மூன்றாம் ஆண்டுக்கு இப்படியே போய்விடுவாள். மூன்றாம் ஆண்டு என்பது என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிடும்போது மருமகள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். நீ தட்டைப் பார்த்தபடியே, "அதெல்லாம் வேணாம்லா. இன்னைக்கு செக் பண்ணுவாங்க, நாளைக்கு ஊனமுன்னு கார்டு போட்டுக் குடுப்பாங்க. கல்யாணத்துக்கு வர்றவன் அதத்தான் மொதல்ல கேப்பான். எனக்கு மட்டும் என்னா படிப்பு ஏறுச்சு? இன்னைக்கு மூணு ஆள வெச்சு ஏர்கோன் வேல பாக்கல?" என்றாய். "பாக்குறீங்க, பாக்குறீங்க. கொட்டேஷன் யாரு அடிக்கிறா, கவர்மெண்ட் லெட்டர் வந்தா யாரு படிக்கிறா?" என்று மருமகள் சிரித்தாள். நீயும் பாதி சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அவ சோம்பேறி. நாலு அதட்டு அதட்டுனா சரியாயிடும்," என்றாய். பாப்பாவின் கையில் கோழிக்கால் இருந்தது. அதை மெதுவாகத் தட்டில் வைத்தாள். நான் தண்ணீர் குடித்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

'சோம்பேறி' என்ற அந்தச் சொல் உன்னுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது. நான்தான் உனக்குக் கொடுத்தேன். எந்த இடத்தில், யார் முன்னால் கொடுத்தேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். ஆனால் நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை.

நீ மூன்றாம் ஆண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நானே உன் வகுப்பாசிரியர். தினமும் காலையில் என் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருவாய். செம்பனைக் காட்டு வழியே இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அன்றைய வாசிப்புப் பாடத்தை நான் சத்தமாகச் சொல்லுவேன். தலைக்கவசத்துக்குள்ளிருந்து நீ திருப்பிச் சொல்லுவாய். பள்ளி வாசல் வரும்போது பாடம் முழுவதும் உன் வாயில் இருக்கும். வகுப்பில் உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னால், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஓரெழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாய். அது வாசிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாத்தியார் மகனுக்கு வாசிக்க வரவில்லை என்று தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலையெல்லாம். உன் நோட்டுப் புத்தகத்தை மட்டும் மற்றப் பிள்ளைகளுடையதோடு அடுக்காமல் என் பைக்குள் வைத்துக்கொள்வேன். வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை எழுத வைப்பேன். இருபதாவது முறையும் முதல் முறை போலவே தப்பாக இருக்கும். "புள்ள வெரலப் பாருங்க, பென்சில் புடிச்சுப் புடிச்சு வீங்கிக் கெடக்கு," என்று உன் அம்மா வந்து நிற்பாள். முயற்சி போதவில்லை என்று நான் சொல்லுவேன். முறையாகச் செய்தால் எதுவும் வரும் என்று நம்பியவன் நான். முறையே தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த நாள். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய பாடம். நீ எழுந்து அருமையாகச் சொன்னாய். அவர் மகிழ்ந்துபோய் உன் பக்கத்தில் வந்து, உன் கையிலிருந்த புத்தகத்தில் தாளைத் திருப்பி, "நல்லா வாசிக்கிறியே! இந்தப் பக்கத்தையும் வாசி, கேப்போம்," என்றார். அந்தப் பக்கத்தில் தபால்காரரைப் பற்றிய பாடம் இருந்தது. நீ புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாய். ஆட்டுக்குட்டி மறுபடியும் கிணற்றில் விழுந்தது. வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க பையன்னு சொன்னாங்களே?" என்றார். நான், "ஆமாங்க சார். சோம்பேறி. வீட்டுல எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல," என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். காலையில் மோட்டாரில் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார் என்று அங்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். நீ சொல்லவில்லை. ஒன்பது வயதில் உனக்கு இருந்த மனசு, நாற்பது தாண்டிய எனக்கு இல்லை. அன்று மத்தியானம் வீடு திரும்பும்போது என் இடுப்பில் உன் கை இல்லை என்று தோட்டத்து வளைவில்தான் கவனித்தேன். இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ என்னைப் பிடித்துக்கொண்டு வந்ததில்லை. காலைப் பாடமும் நின்றுபோனது.

இன்னொன்றும் இருக்கிறது. அதே வருடம், பிள்ளைகளுக்குப் பல் பார்க்கப் பள்ளிக்கு வந்த தாதி ஒருவர், உன்னைக் கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், கோவிச்சுக்காதீங்க. பையன் வாய் நெறைய பேசுறான், பேரு எழுதச் சொன்னா தடுமாறுறான். என் அக்கா மகனும் இப்படித்தான். ஒரு தடவ பெரிய ஆஸ்பத்திரில காட்டிப் பாருங்க," என்று சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். கடிதத்தில் தேதி குறித்து, துளை போட்டு, 'இதர' என்று எழுதிய கோப்பில் போட்டேன். கிழித்துப் போட்டிருந்தால்கூடக் கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எதையும் கிழிக்கிறவன் இல்லை. ஒழுங்காகக் கோப்பில் போட்டு மூடிவிடுகிறவன். ஏறக்குறைய முப்பது வருடமாக அது அங்கேயே இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். தாள் பழுத்துவிட்டது. எழுத்து அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை நீ என்னைக் கோயில் மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறாயே, உள்ளே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மருத்துவமனையிலிருந்து வருகிற குழுவில் இப்போது ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுடைய சோதனை அட்டைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மலாய் அட்டையைப் பார்த்து விழித்தால், மொழி தெரியாமல் விழிக்கிறதா, எழுத்தே பிடிபடாமல் விழிக்கிறதா என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வேண்டும் என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். நான் இரண்டு நாள் யோசித்து, முடியாது என்று எழுதி வைத்துக்கொண்டு போய், முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது தமிழ் அட்டைகள் நான் எழுதியவை. கோயில் நிர்வாகம் மண்டபமும் மின்விசிறியும் தருகிறது. ஜாசினில் மளிகைக்கடை வைத்திருக்கிற காதர் பாய் தன் வேனில் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி வருகிறார். ஒவ்வொரு முறையும் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் பெயர் கூப்பிடுவதைப் பார்த்து, "வாத்தியாரே, ஆறே ஆறு புள்ளைங்கலா. தேங்கா மாதிரி உருண்டு ஓடிருமா?" என்பார். பிறகு அவரே குனிந்து இருக்கைக்கு அடியில் ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

பரிசோதனை செய்கிற மருத்துவர் ஒரு மலாய்ப் பெண். உன்னைவிட வயதில் சிறியவர். முதல் நாளே என்னை இரண்டு முறை கண்டித்துவிட்டார். பிள்ளை ஒரு எழுத்தில் தடுமாறினால் என் உதடு தானாக அசைந்துவிடும். "சிக்கு, ஜங்ஙான் தோலோங்," என்பார். வாத்தியாரே, உதவி செய்யாதீர்கள் என்று பொருள். பிள்ளை எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம், நீங்கள் தாங்கிப் பிடித்துவிட்டால் விழுந்த இடம் எங்களுக்குத் தெரியாது என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டாரில் போன அத்தனை காலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உன்னை விழாமல் பிடித்திருக்கிறேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ விழுந்த இடத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். பெயரைச் சொல்லக் கூடாது, தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். என் அட்டைகளில் நாலு வரியை வாசிக்க முடியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மருத்துவர் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பற்றிச் சொல் என்றார். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குடும்பம். தர்ஷினி அந்தப் படத்திலிருந்து ஒரு கதையே கட்டினாள். பஸ் ஓட்டுநருக்குப் பெயர் வைத்தாள், அவருக்குச் சளி பிடிக்க வைத்தாள், குடை இல்லாத பாட்டியை முன் இருக்கையில் உட்கார வைத்தாள். மொழிபெயர்க்க என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு அவளுடைய அப்பாவிடம், இவளுக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை, எழுத்து இவள் மனதில் போய்ச் சேருகிற வழி மட்டும் வேறு, அதற்கேற்ற விதத்தில் கற்பித்தால் வாசிப்பாள் என்று விளக்கினார். கடைசியாக, இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அந்த அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், கையெல்லாம் முள் கிழித்த தழும்பு. "எனக்கும் இப்படித்தான் சார். மக்குன்னு சொல்லித்தான் காட்டுக்கு அனுப்புனாங்க. நா மக்கு இல்லீங்களா அப்ப?" என்றார்.

இந்த ஒரு கேள்வியை மலாயில் சொல்ல வேண்டியது என் வேலை. தம்பி, எனக்கு மலாய் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரண்டு முறை தொடங்கித்தான் சொல்லி முடித்தேன். இல்லை, நீங்கள் மக்கு இல்லை என்று மருத்துவர் பதில் சொன்னபோது, அதைத் தமிழில் அந்த மனிதரிடம் சொல்லிக்கொண்டே நான் உன்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அன்று மாலை நீ மோட்டாரில் என்னை ஏற்றிப்போக வந்தாய். "என்னாப்பா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டாய். வெயில் என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். உன் இடுப்பைப் பிடிக்கத் துணிச்சல் வராமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் 'இதர' கோப்பைத் தேடினேன்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நீ சோம்பேறியாக இருந்ததில்லை. ஒரு நாள்கூட இல்லை. இருபது நிமிடத்தில் காதால் கேட்டு ஒரு பாடத்தையே மனதில் வைக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று எந்த ஆசிரியர் சொல்லுவார்? நீ குளிர்சாதனம் பொருத்திய வீடுகளில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று ஐந்து வருடம் கழித்தும் தாள் பார்க்காமல் சொல்கிறாய். இடைநிலைப் பள்ளிக்கு முந்திய புகுமுக வகுப்பிலும் அதன் பிறகும் நீ பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படிவம் மூன்றோடு நீ படிப்பை நிறுத்தியபோது நான் உன்னோடு நாலு மாதம் பேசவில்லை. அதற்குப் பிறகும் கைப்பேசியில் உனக்கு நீளநீளமாகச் செய்தி எழுதி அனுப்புவேன். நீ பெருவிரல் படம் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புவாய். அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வேன். வாசிக்கச் சிரமப்படுகிறவனுக்கு இத்தனை வருடமாக எழுத்திலேயே அன்பைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அது உனக்கு வந்து சேர்ந்திருக்காது.

இனி பாப்பா. இரண்டு வாரத்துக்கு முன் அவள் என் மடியில் சாய்ந்துகொண்டு ஒரு கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினாள். அழகாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் முயல் ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆறு இருக்கிற பக்கத்தைத் திருப்பினாள். "அம்மா வாசிச்சத ஞாபகம் வெச்சிருக்கியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. நா சோம்பேறி இல்ல," என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். இப்போது சொல்லிவிட்டேன். என் வாக்கு போனது. போகட்டும்.

உன் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. கார்டு, கல்யாணம், ஊர் வாய் எல்லாம் எனக்கும் இருந்த பயம்தான். நான் அதற்குக் கீழ்ப்படிந்தேன், பலன் உனக்கு வந்தது. அந்தப் பாரத்தின் நகலைப் பள்ளியில் வாங்கி மூன்று முறை வாசித்தேன். அது பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கேட்கிறது. கார்டு வேறு. அதற்கு விண்ணப்பிப்பதும் விடுவதும் பிறகு நீயும் மருமகளும் முடிவு செய்ய வேண்டியது. பரிசோதனை முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. வருகிற பிள்ளைகளில் சிலர் வேகமாக முன்னேறுகிறார்கள், சிலர் மிக மெதுவாக. தனி வகுப்பு வேண்டும் என்றால் வேறு பள்ளிக்கு மாற்றவும் சொல்லலாம். பாப்பா தமிழ்ப்பள்ளியை விட்டுப் போனால் எனக்கு வலிக்கும், அதை மறைக்கவில்லை. என் வலி அவளுடைய படிப்புக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். ஒரு முறை நின்றது போதும்.

பாரம் என்ன ஆனாலும், நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், ஒன்று மட்டும் செய். அந்தச் சொல்லைப் பாப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். இன்றைக்கே. அப்பா தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் போதும். எட்டு வயதில் அது உடனே உதிர்ந்துவிடும். நாற்பதை நெருங்கும்போது எவ்வளவு ஒட்டிப்போயிருக்கும் என்று உன்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்தில் வெளியிடுகிற மலருக்குப் பெற்றோருக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மூன்று முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். பெற்றோருக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி? இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உன் பெயரும் பாப்பாவின் பெயரும் இதில் இல்லை. நீ வேண்டாம் என்றால் இதுவும் கோப்புக்குள் போய்விடும். நீ கேட்டுவிட்டுச் சொல்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு, நீ வேலைக்குக் கிளம்பும் முன் உன் வீட்டு வாசலில் இருப்பேன். தாதி கொடுத்த அந்தப் பழைய கடிதத்தையும் கொண்டு வருகிறேன், அது உன்னுடையது. வெயில் மறைப்பிலிருந்து பாரத்தை எடுத்துக் கொடு. வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழில் சொல்கிறேன். எந்த வரியில் சந்தேகம் வந்தாலும் நிறுத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்கிறேன். கேட்டு முடித்துவிட்டு நீயே முடிவு செய். சனிக்கிழமை பாப்பா போவதாக இருந்தால், அவளுக்கு மொழிபெயர்க்க வேறு ஆசிரியரை ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். என் உதடு அசைந்துவிடும். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று மருத்துவர் கேட்பார். அப்போது, எனக்கும் உண்டு, எங்கப்பாவுக்கு அது தெரியும் என்று சொல். நான் வாசலில் காதர் பாயோடு உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் என்னை மோட்டாரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்த முறை நான் கம்பியைப் பிடிக்க மாட்டேன்.

அப்பா